இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் வாகன மாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் கிட் வாங்கி, வெட்டி ஒட்டி, வண்ணம் பூசி, போர்க் கால ஜெர்மன் டாங்கிகளையும் லாரிகளையும் சிறு அளவில் செய்து வருகிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் வருஷம், மாதம் பற்றிய கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற பதில்களில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

இதுவரை ஒரு கிட்கூடச் செய்ததில்லை. டைகர் டாங்கியிலேயே ஆரம்பிக்கலாமா?

ஆசை புரிகிறது. இருந்தாலும் முதலில் க்யூபல்வாகன் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். ஃபோக்ஸ்வாகன் ஆலையில் தயாரான டைப் 82 என்ற திறந்த வண்டி அது. ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் குழு வடிவமைத்தது. எஞ்சின் பின்பக்கம், அதுவும் காற்றாலேயே குளிரும் வகை. பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும்தான் விசை போகும். ஆனாலும் எடை குறைவு என்பதால் மணலிலும் சேற்றிலும் சமாளித்து ஓடியது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 50,000 வண்டிகள் வெளிவந்தன.

மாடல் செய்பவருக்கு அதில் என்ன வசதி என்றால், தட்டைத் தகடுகளால் ஆன உடல், நான்கு சக்கரம், ஒரு ஸ்டெப்னி, அவ்வளவுதான். டாங்கியில் இருக்கும் சங்கிலிப் பட்டை, அதாவது டிராக், இதில் இல்லை. 1/35 அளவில், அதாவது உண்மை வண்டியில் 35இல் ஒரு பங்காகச் செய்தால், 11 சென்டிமீட்டர்கூட வராது. இரண்டு வார இறுதியில் முடித்துவிடலாம். அடுத்ததாக ஷ்டூக் 3 என்ற டாங்கி போன்ற பீரங்கி வண்டி செய்யலாம். ஒரு பக்கத்துக்கு ஆறு பெரிய சக்கரங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். மேலே சுழலும் டரட், அதாவது பீரங்கிக் கூண்டு, கிடையாது. டைகர் அதற்கு அப்புறம்.

1/35, 1/48, 1/72 என்கிறார்களே, எதை வாங்குவது?

உண்மை வண்டியின் நீளத்தை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். டைகர் 1, பீரங்கிக் குழலையும் சேர்த்தால் 8.45 மீட்டர். 1/35இல் 24 சென்டிமீட்டர், 1/48இல் பதினேழரை, 1/72இல் 12க்குக் கொஞ்சம் கீழே. அலமாரியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதிகத் தேர்வு கிடைப்பது 1/35இல்தான். இந்த 35 என்ற எண்ணுக்குப் பின்னால் கணக்கு ஒன்றும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றைத் தயாரித்தது. பேட்டரியும் மோட்டாரும் உள்ளே அடங்க வேண்டும் என்பதை வைத்துத்தான் அதன் அளவை முடிவு செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு! அது நன்றாக விற்கவே அந்த அளவே நிலைத்துவிட்டது. இன்று ஹாங்காங்கின் டிராகன், கொரியாவின் அகாடமி, உக்ரைனின் மினிஆர்ட், ஐசிஎம் என்று எல்லோரும் அந்த அளவில் கிட் போடுகிறார்கள்.

பெட்டியில் எண்ணும் எழுத்துமாக ஏதோ இருக்கிறதே?

எஸ்டி.கேஎஃப்இசட். என்பது 'சிறப்புப் பயன்பாட்டு மோட்டார் வாகனம்' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ராணுவம் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுத்தது. 2 என்றால் கெட்டன்கிராட் என்ற பாதி மோட்டார் சைக்கிள், 251 என்றால் வீரர்களை ஏற்றிச் செல்லும் கவச அரைச்சங்கிலி வண்டி (முன்னால் சக்கரம், பின்னால் டிராக்), 161 பான்சர் 4 டாங்கி, 171 பாந்தர், 181 டைகர். இந்த எண்ணை வைத்துத் தேடினால் படங்கள் சுலபமாகக் கிடைக்கும்.

ஆவுஸ்ஃப். என்பது அந்த வகையின் பதிப்பு. பான்சர் 4, ஏ முதல் ஜே வரை ஒழுங்காக வரிசைப்படி வந்தது. பாந்தர் அப்படியில்லை: முதலில் டி, பிறகு ஏ, கடைசியில் ஜி. ஏ என்று போட்டிருப்பதைப் பார்த்து முதல் பதிப்பு என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. 1943 ஜூலையில் குர்ஸ்க் போரில் முதன்முதலாக இறங்கியது டி.

எந்த வருஷம், எந்த மாதம் என்று ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்?

ஒரு பெயரில் ஓடிய வண்டிகள் எல்லாம் ஒரே வண்டி அல்ல என்பதால்தான். டைகர் 1ஐயே பார்ப்போம். 1942 ஆகஸ்டிலிருந்து 1944 ஆகஸ்ட் வரை, இரண்டே வருஷம், சுமார் 1,350 வண்டிகள். அதற்குள் எத்தனை மாற்றம்! ஆரம்ப கால வண்டிகளில் டாங்கித் தலைவர் தலை நீட்டும் மேல்மூடி உயரமான டிரம் போல இருக்கும். பின்புறம் ஃபைஃபல் என்ற பெரிய காற்று வடிகட்டிகளும் அவற்றின் குழாய்களும் இருக்கும். சக்கரங்களின் விளிம்பில் ரப்பர் இருக்கும். 1943 நடுவில் அந்த டிரம் போய், சுற்றிலும் பெரிஸ்கோப் வைத்த தாழ்ந்த வார்ப்பு மூடி வந்தது. அந்த ஆகஸ்டிலிருந்து உடம்பெங்கும் ஸிம்மரிட் என்ற வரிவரியான பூச்சு. 1944 பிப்ரவரியிலிருந்து சக்கரமே மாறி, விளிம்பில் ரப்பர் தெரியாத இரும்புச் சக்கரம் வந்தது.

ஆகவே துனிசியாவில் நிற்கும் டைகர் மேல் ஸிம்மரிட் இருந்தால் அது நடக்காத கதை. துனிசியச் சண்டை 1943 மே மாதமே முடிந்துவிட்டது. நான் செய்த முதல் டைகரில் இதே தவறுதான். பாலைவன நிறம் பூசி முடித்த பிறகுதான் கீழே இரும்புச் சக்கரம் இருப்பதைக் கவனித்தேன். பூச்சு காய்ந்து, எல்லாம் ஒட்டியாகிவிட்டது. மூன்று மாத வேலையைப் பிரிக்க மனசு வராமல் அப்படியே வைத்திருக்கிறேன், ஆனால் கண்ணில் படும்போதெல்லாம் உறுத்துகிறது.

அதனால் கிட்டைத் திறக்கும் முன்பே ஒரு புகைப்படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு வண்டி, எடுத்த இடமும் மாதமும் தெரிந்த படம். நிறம் என்ன, ஸிம்மரிட் உண்டா, எந்தச் சக்கரம், எந்த எண் என்ற கேள்விகளுக்கு எல்லாம் அந்தப் படமே பதில் சொல்லிவிடும்.

நேரில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் 131 என்ற எண் கொண்ட டைகர் இருக்கிறது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படைகளிடம் சிக்கியது. இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. பிரான்ஸின் சோமூர், ஜெர்மனியின் முன்ஸ்டர், ரஷ்யாவின் குபிங்கா அருங்காட்சியகங்களிலும் ஜெர்மன் வண்டிகள் நிறைய உண்டு. ஒரு எச்சரிக்கை: அருங்காட்சியக வண்டிகளுக்குப் போருக்குப் பின் மறுபடி மறுபடி வண்ணம் பூசியிருப்பார்கள். உருவத்துக்கு அவற்றைப் பாருங்கள், நிறத்துக்கு அப்படியே நம்ப வேண்டாம்.

என்னென்ன கருவிகள் தேவை?

பிளாஸ்டிக் வெட்டும் நிப்பர், கூர்மையான கத்தி, ட்வீசர், 400இலிருந்து 1000 வரை சில உப்புத்தாள்கள், பசை. ஆரம்பிக்க இவை போதும். நிப்பரை மட்டும் நல்லதாக வாங்குங்கள். மலிவான நிப்பர் பாகத்தை வெட்டாமல் நசுக்கிவிடும், அந்த இடம் வெள்ளையாக வெளுத்துப்போகும்.

ஃபெவிக்விக்கால் ஒட்டலாமா?

பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை ஒட்ட வேண்டாம். கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதற்கென்று இருக்கும் சிமென்ட் இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து, ஒன்றோடொன்று கலக்கவைத்து, வெல்டிங் போலச் சேர்க்கும். நீர் போன்ற மெல்லிய சிமென்ட் என்றால் இன்னும் சுலபம். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியை இடுக்கில் தொட்டால் போதும், திரவம் தானாக உள்ளே ஓடிவிடும். அழுத்திப் பிடித்தால் உருகிய பிளாஸ்டிக் மெல்லிய கோடாக வெளியே பிதுங்கும். காய்ந்ததும் அதைச் சீவிவிட்டால் ஒட்டு இருந்த சுவடே தெரியாது.

வண்ணம் பூசிய பரப்பில் சிமென்ட் பிடிக்காது, அங்கே வண்ணத்தைச் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். பித்தளைத் தகடுக்கும் ரெசின் பாகத்துக்கும்தான் ஃபெவிக்விக். கண்ணாடிப் பாகங்களுக்கு அது ஆகவே ஆகாது, புகை படிந்ததுபோல் மங்கிவிடும். வெள்ளை ஃபெவிகால் வையுங்கள், காய்ந்தால் தெளிந்துவிடும். சிமென்டின் ஆவி உடம்புக்கு நல்லதல்ல. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

டைகர், பாந்தர் சக்கரங்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எப்படிச் செய்வது?

எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். ஆரம்ப கால டைகரில் ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு, அச்சுக்கு மூன்று சக்கரம், ஆக 24. ஓலைப் பாய் பின்னியதுபோல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். 57 டன் எடையைப் பல சக்கரங்களில் பரப்பவே இந்த ஏற்பாடு. பலன் கிடைத்தது, ஆனால் உள் சக்கரம் ஒன்று பழுதானால் வெளியே இருக்கும் பலவற்றைக் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் இடையில் சிக்கிய சேறு இரவோடு இரவாக உறைந்து வண்டியையே நகரவிடாமல் செய்ததும் உண்டு. இரும்புச் சக்கர டைகரில் அச்சுக்கு இரண்டு, ஆக 16.

மாடலில் வழி இதுதான்: சக்கரங்களை ஒட்டுவதற்கு முன்பே வண்ணம் பூசிவிடுங்கள். ஒட்டிய பிறகு உள்வரிசைக்குப் பிரஷ் போகவே போகாது. ரப்பர் விளிம்புக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல் போதும். உள்வரிசை, நடுவரிசை, வெளிவரிசை என்று மூன்று கிண்ணங்களில் பிரித்து வைத்து, ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடுங்கள்.

டிராக் மூன்று விதமாக வரும். ரப்பர் போல வளையும் ஒற்றைப் பட்டை சுலபம், ஆனால் விறைப்பாக நிற்கும். தனித்தனிக் கண்ணிகளாக வருவது மிக அழகு, ஆனால் டைகருக்கு ஒரு பக்கம் மட்டும் 96 கண்ணி. நேராகப் போகும் இடத்தில் நீளத் துண்டு, வளையும் இடத்தில் தனிக் கண்ணி என்று வருவதுதான் ஆரம்பக்காரருக்கு ஏற்றது. எதுவாக இருந்தாலும் மேல் பகுதி தொய்ந்து சக்கரங்களின் மேல் படிய வேண்டும். டைகரின் டிராக்குகள் கனமானவை. மேலே கம்பி கட்டியதுபோல நேராக நின்றால் வண்டி பொம்மையாகத் தெரியும். இடது, வலது மாறாமலும் கண்ணியின் திசை தவறாமலும் பாருங்கள்.

ஸிம்மரிட் என்றால் என்ன? நானே செய்யலாமா?

காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெடிகுண்டுகளை டாங்கியின் மேல் பிடிக்கவிடாமல் தடுக்கப் பூசிய பசை அது. பேரியம் சல்பேட், மரத்தூள், பசைப்பொருள், காவி நிறமி எல்லாம் கலந்தது. வரிவரியாகக் கீறிவிட்டதால் இரும்புக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி கூடும். அப்படிப்பட்ட குண்டுகளைப் பெரிதாகப் பயன்படுத்தியதே ஜெர்மானியர்கள்தான். எதிரியும் செய்வான் என்று பயந்து பூசினார்கள். 1944 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு பகுதியாக வரும் எபாக்ஸி புட்டியை மெல்லியதாகத் தேய்த்து, ஈரமான சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் வரிசையாக அழுத்தி நீங்களே செய்யலாம். பழைய பிளாஸ்டிக் துண்டில் இரண்டு முறை பழகிவிட்டு ஆரம்பியுங்கள். பொறுமை இல்லாத நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். அச்சிலேயே ஸிம்மரிட்டுடன் வரும் கிட்டுகளும் உண்டு.

என்ன நிறம் பூசுவது? எல்லாம் சாம்பல்தானா?

மாதம் தெரிந்தால் பாதி விடை கைக்கு வந்துவிடும்.

போர் தொடங்கிய 1939இலும் பிரான்ஸ் படையெடுப்பின்போதும் அடர் சாம்பலும் அடர் பழுப்பும் கலந்த இரு நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தப் பழுப்பு எளிதில் தெரியாததால் எல்லோரும் முழுச் சாம்பல் என்றே நினைத்துப் பூசுகிறார்கள். 1940 ஜூலையிலிருந்துதான் சாம்பல் மட்டும், ரால் என்ற ஜெர்மன் நிற அட்டவணையில் 7021ஆம் எண். அது மிகவும் அடர்ந்த நிறம். புட்டியில் இருப்பதை அப்படியே சின்ன மாடலில் பூசினால் கறுப்பாகத்தான் தெரியும், கொஞ்சம் வெள்ளையோ வெளிர் சாம்பலோ கலந்துகொள்ளுங்கள். வட ஆப்பிரிக்காவுக்கு 1941 மார்ச்சில் மஞ்சள் பழுப்பும் சாம்பல் பச்சையும் வந்தன, 1942இல் அவையும் மாறின.

பெரிய மாற்றம் 1943 பிப்ரவரி 18ஆம் தேதி உத்தரவு. அன்றிலிருந்து ஆலையை விட்டு வரும் வண்டிகளுக்கெல்லாம் அடிநிறம் டுன்கல்கெல்ப் என்ற அடர் மஞ்சள். கூடவே ஒலிவப் பச்சையும் செம்பழுப்பும் கெட்டிப் பசையாக டின்னில் கொடுத்தார்கள். வண்டிக்காரர்கள் அதைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து, தாங்கள் நிற்கும் காட்டுக்கும் வயலுக்கும் ஏற்றபடி தாங்களே பூசிக்கொண்டார்கள். ஸ்ப்ரே கிடைத்தவர் ஸ்ப்ரேயால், கிடைக்காதவர் பிரஷ்ஷாலும் துடைப்பத்தாலும். பெட்ரோல் அதிகமானால் மெலிந்து ஒழுகும், குறைந்தால் திட்டுத்திட்டாக அப்பும். ஆகவே 1943, 44 வண்டிகளில் இரண்டு ஒன்றுபோல் இருக்காது. 1944 ஆகஸ்டிலிருந்து ஆலையிலேயே மூன்று நிறமும் பூச ஆரம்பித்தார்கள். புள்ளி புள்ளியாக, இலை நடுவே வெயில் விழுந்ததுபோன்ற வடிவம் அந்தக் காலத்தது.

பனிக்காலத்து வெள்ளை வேண்டுமென்றால், அடிநிறத்தின் மேல் ஹேர் ஸ்ப்ரே அடித்து, காய்ந்ததும் அக்ரிலிக் வெள்ளை பூசி, தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் அங்கங்கே தேயுங்கள். வெள்ளை உரிந்து உள்நிறம் தெரியும்.

ஏர்பிரஷ் இல்லாமல் முடியாதா?

தாராளமாக முடியும். மெலிதாகக் கரைத்து, இரண்டு மூன்று கோட்டாகக் கையால் பூசுங்கள். மேலே சொன்னதுபோல அந்த வண்டிகளையே பலர் கையால்தான் பூசினார்கள். ஸ்ப்ரே டின் பயன்படுத்துபவர்கள் மழை நாளில் அடிக்க வேண்டாம். ஈரக் காற்றில் லாக்கர் வெண்மையாகப் பூத்துவிடும். சென்னைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நான் ஒட்டுகிற வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு, வண்ணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவிடுவேன்.

டிகால் ஒட்டினால் சுற்றிலும் வெள்ளி போலப் பளபளக்கிறதே?

டிகால் என்ற அந்த ஒட்டுப்படத்தை மேட், அதாவது பளபளப்பில்லாத, பரப்பின் மேல் ஒட்டியிருப்பீர்கள். சொரசொரப்பில் காற்று சிக்கி அப்படித் தெரிகிறது. முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டிகால், அது நன்றாகப் படிய மென்மையாக்கும் திரவம், கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே மேட் வார்னிஷ். டரட்டில் உள்ள மூன்று இலக்க எண்ணுக்கும் பெரும்பாலும் அர்த்தம் உண்டு. 131 என்றால் முதல் கம்பெனி, மூன்றாம் பிளட்டூன், முதல் வண்டி.

கிட்டில் ஸ்வஸ்திகா டிகால் இல்லையே, தவறிவிட்டதா?

இல்லை. ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடை செய்கிறது. சிக்கல் வேண்டாம் என்று பல நிறுவனங்கள் அச்சிடுவதே இல்லை. தரை வண்டிகளின் வழக்கமான அடையாளம் பால்கன்கிராய்ஸ் என்ற நேர்க்கோட்டுச் சிலுவைதான். தம் விமானங்கள் தவறாகத் தாக்காமல் இருக்க எஞ்சின் மூடி மேல் விரித்த கொடியில்தான் பெரும்பாலும் ஸ்வஸ்திகா வரும்.

நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்திலும் வாசலிலும் போடும் ஸ்வஸ்திகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்தச் சின்னத்தின் கீழ் குடும்பத்தை இழந்தவர்களுக்கு அதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். என் மாடல்களில் நான் அதை வைப்பதில்லை.

அப்படியானால் இந்த வண்டிகளைச் செய்வதே சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களிடம் நான் கோபப்பட்டதில்லை. நியாயமான கேள்வி. முதல் மாடலாக நான் சொன்ன அந்தச் சின்ன க்யூபல்வாகனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தயாரித்த ஆலையில் போலந்திலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்களும், போர்க் கைதிகளும், வதை முகாம் கைதிகளும் கட்டாயமாக வேலை வாங்கப்பட்டார்கள். பான்சர் 4 தயாரான ஆஸ்திரியாவின் நிபெலுங்கன் ஆலையை ஒட்டி மவுத்ஹவுசன் வதை முகாமின் கிளை இருந்தது. எந்தத் துண்டை ஒட்டினாலும் இது தெரிந்துதான் ஒட்டுகிறேன்.

நம் ஆட்களும் இந்தப் படையை எதிர்த்து நின்றவர்கள்தான். வட ஆப்பிரிக்காவில் 4ஆவது இந்திய டிவிஷன் கடைசிவரை சண்டையிட்டது. 1943 மே மாதம் ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது அந்த டிவிஷனிடம்தான். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மின்யானோ அருகே, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன், கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து உயிர் விட்டார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற தமிழர். ஜெர்மன் வண்டிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்பது எனக்கு ஆதங்கம்தான்.

நான் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாடலின் அடியிலும் சிறு அட்டை: எந்த வண்டி, எந்த மாதம், எங்கே, அங்கே என்ன நடந்தது, யார் செத்தார்கள். பார்க்க வரும் பிள்ளைகள் வண்டியைப் பார்த்துவிட்டு அட்டையைத்தான் நிறைய நேரம் படிக்கிறார்கள்.

அழுக்கு, துரு எவ்வளவு வைப்பது?

துருவைக் குறையுங்கள். போர்முனை டாங்கிகளின் ஆயுள் பெரும்பாலும் மாதக் கணக்குதான், தகடு முழுக்கத் துருப் பிடிக்க நேரம் ஏது? சைலன்ஸர் மட்டும் சூட்டில் வண்ணம் கருகி நன்றாகத் துருப் பிடிக்கும். டிராக்கில் தரையைத் தொடும் இடம் தேய்ந்து இரும்பாக மின்ன வேண்டும். இடுக்குகளிலும் போல்ட்டுகளைச் சுற்றியும் அடர் பழுப்பு எனாமலை டர்பன்டைனில் கரைத்து ஓடவிடுங்கள். அடியில் அக்ரிலிக் பூசியிருந்தால் அது கரையாது.

மண்ணின் நிறமும் ஊருக்கு ஊர் வேறு. துனிசியா என்றால் வெளிறிய தூசி, உக்ரைன் வசந்த காலம் என்றால் சக்கரத்துக்கு மேல்வரை கரிசல் சேறு. இதற்கும் அந்த ஒற்றைப் புகைப்படத்தைத்தான் பாருங்கள்.

முடித்த மாடலை எப்படி வைப்பது?

மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியில், வெயில் படாத இடத்தில். திறந்து வைத்தால் ஒரே மாதத்தில் தூசி படிந்து, நீங்கள் பூசிய தூசி எது, வந்து விழுந்த தூசி எது என்று தெரியாமல் போகும். துணியால் துடைக்காதீர்கள், ஆன்டெனா கம்பி முதலில் உடையும். மிருதுவான மேக்கப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள்.